வயோமிங்கில் ஏழாம் இலக்கம்

சுபாங்கன் அந்த ஒப்பந்தத்தை வாசிக்கவில்லை. டென்மார்க்கில், பிராண்டே ஊரில் காற்றாலை செய்யும் தொழிற்சாலையில் அவன் பொறியியலாளன். ஒரு திருகாணியின் அளவு வரைபடத்தில் பிசகியிருந்தால்கூடப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறவன். ஆனால் அது மனைவி செத்த நாற்பதாம் நாள். எஸ்பியர்க்கில் மாமனார் வீட்டு இருக்கையில் அவன் உட்கார்ந்திருந்தான். நியூ ஜெர்சியிலிருந்து சின்னமாமா தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய தாளை அவர் முகத்துக்கு நேரே வரி வரியாக வாசித்தால், அவரைக் கள்ளன் என்று சொன்னதாகிவிடும். எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"எங்க கையெழுத்து வைக்க வேணும்?" என்று மட்டும் கேட்டான். தன் தொலைபேசியில் மஞ்சள் பூசிய இடத்தில் விரலால் கிறுக்கினான்.

"அவ்வளவுதான் தம்பி. இனி எங்களுக்கு அமெரிக்காவில கொம்பனி இருக்கு," என்றார் தவராஜா சின்னமாமா. மாமனாரின் தம்பி அவர். மூன்று பெற்றோல் நிலையங்கள் வைத்திருக்கிறார். "டெலவெயரில எல்.எல்.சி. அங்க பதிஞ்சால் ஆற்ற பேரும் வெளியில வராது. கடன்காரன் வந்தாலும் உம்மட வீட்டுக் கதவைத் தட்டேலாது."

"நீங்கள் இருக்கிறது நியூ ஜெர்சியெல்லோ?"

"இருக்கிற மாநிலத்திலதான் பதிய வேணுமெண்டு ஆர் சொன்னது? நீர் டென்மார்க்கில இருந்து பதியேலுமெண்டால் நான் பக்கத்து மாநிலத்தில இருந்து பதியேலாதோ? கடிதம் வாங்க அங்க ஒரு முகவர் இருந்தால் போதும்."

சுபாங்கன் தலையாட்டினான். அந்த நாட்களில் எதற்கும் தலையாட்டினான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான், படுக்கச் சொன்னால் படுத்தான்.

சாரங்கி விட்டுப்போனது ஒரு கடை. இணையத்தில் இருந்தது. சேலைச் சட்டைகளுக்கான வெட்டுப் படங்களை அவள் வரைந்து விற்றாள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற பெண் தன் அளவைக் கொடுத்து, படத்தை இறக்கி, வீட்டிலேயே அச்சடித்து ஒட்டித் துணியில் வைத்து வெட்டிக்கொள்ளலாம். மொத்தம் பன்னிரண்டு வெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். ஹூஸ்டனில் ஒரு பெரிய புடைவைக் கடை பன்னிரண்டையும் தன் வாடிக்கைக்காரருக்கு விற்கக் கேட்டது. அமெரிக்காவில் பதிந்த நிறுவனத்தோடு மட்டுமே அது ஒப்பந்தம் போடும். சாரங்கி மாநிலங்களின் விதிகளையெல்லாம் தேடி வாசித்து, வயோமிங் என்று முடிவெடுத்தாள். படிவத்தைப் பாதி நிரப்பினாள். பிறகு ஓகூஸ் மருத்துவமனைக்குப் போனாள். திரும்பி வரவில்லை. ஹூஸ்டன்காரர் அனுதாபம் எழுதி, ஏப்ரல் முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டாவது தாள் மின்னஞ்சலில் வந்தது. சாரங்கியின் வெட்டுகளைச் சுபாங்கன் அந்த டெலவெயர் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். இம்முறை எதிரே யாருடைய முகமும் இல்லை. சமையலறை மேசையில் காலைக் கோப்பியோடு வாசித்தான்.

வெட்டுகளின் பட்டியலில் ஒன்று முதல் ஆறு இருந்தது. எட்டு முதல் பன்னிரண்டு இருந்தது. ஏழு இல்லை.

தட்டச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தான். பழைய ஒப்பந்தத்தையும் திறந்தான். மூன்று பங்காளர்: மாமனார், சின்னமாமா, அவன். எதையும் இருவர் சேர்ந்து முடிவெடுக்கலாம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஏழாம் இலக்கமும் அதன் படமும் எல்லா இடத்திலிருந்தும் நீக்கப்படும், இனி வெளியிடப்படமாட்டா. அதன் கீழே அவனுடைய கிறுக்கல்.

சேலைத் தலைப்பு இடத் தோளில் விழும். இடது மார்பை எடுத்துவிட்டால் தலைப்பு மறைத்துக்கொள்ளும். சாரங்கிக்குப் புற்றுநோயில் எடுத்தது வலது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதல் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட அன்று, அவளுடைய பழைய சட்டை ஒன்றும் உடம்பில் நிற்கவில்லை. வலப்பக்கத் துணி பள்ளமாக விழுந்து சுருங்கியது. பஞ்சு வைத்துப் பார்த்தாள். பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். கலியாணத்துக்குப் போகாமல் அன்றே கத்தரிக்கோலை எடுத்தாள். மூன்று மாதம் வெட்டினாள். வலப்பக்கம் தட்டையாகவே, ஒரு சுருக்கமும் இல்லாமல், நிமிர்ந்து நிற்கிற சட்டை ஒன்று பிறந்தது. அதைப் போட்டுக்கொண்டு, தலைப்பை ஒடுக்கி மடித்துக் குத்தி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றாள். அந்தப் படம்தான் கடையில் ஏழாம் இலக்கத்துக்கு மேலே இருந்தது. அவள் உயிரோடு இருந்தவரை உறவில் யாருக்கும் அதைப் பற்றி வாய் திறக்கத் துணிவு வரவில்லை.

கோப்பி ஆறிப்போனது. எட்டு மாதத்தில் முதல்தடவையாகச் சுபாங்கனுக்குக் கோபம் வந்தது. அது வந்ததில் அவனுக்கே ஓர் ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்பியர்க் போனான்.

மாமனார் இராசரத்தினம் கதவைத் திறந்தார். இருபத்தைந்து வருடம் மீன் தொழிற்சாலையில் நின்று வளைந்த முதுகு.

"வாரும் தம்பி. இரும். தேத்தண்ணி போடச் சொல்லுறன்."

"குடிக்கிறன் மாமா. ஏழாம் இலக்கம் எங்க?"

"ஐயோ அத்தான், சப்பாத்தையாவது கழட்டுங்கோ," என்றாள் சுஜீதா, சாரங்கியின் தங்கை. அவன் கழற்றினான். திரும்பவும் அதையே கேட்டான்.

இராசரத்தினம் தொலைபேசியை எடுத்துத் தம்பியை அழைத்தார். மேசையில் சீனிப் போத்தலுக்குச் சாய்த்து வைத்தார். நியூ ஜெர்சியில் காலை எட்டு மணி. சின்னமாமா பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அது சரிவராது தம்பி," என்றார், நுரையைத் துப்பிவிட்டு. "இது குடும்பக் கொம்பனி. கோயிலுக்குப் போனால் சனம் கேக்குது."

"என்னவெண்டு?"

"உந்தப் படத்தில நிக்கிறது இராசரத்தினத்தாற்ற மூத்த பெட்டையோ எண்டு."

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

சுஜீதா சிரிப்பை அடக்கக் கையை வாயில் வைத்தாள். சின்னமாமா தூரிகையைக் கீழே வைத்தார்.

"உமக்குத் தேசவழமை தெரியுமோ? பிள்ளையில்லாமல் செத்த பொம்பிளையின்ர சொத்துத் தாய்வீட்டுக்குத் திரும்ப வேணும். யாழ்ப்பாணத்துச் சட்டம். அப்பிடிப் பாத்தால் உமக்கு மூண்டில ஒரு பங்கு தந்ததே எங்கட பெரிய மனசு."

சுபாங்கனுக்கு அது தெரியும். அதில் ஒரு நியாயம் இருப்பதும் தெரியும். சாரங்கியின் நகைப் பெட்டியை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாளே, யாரும் கேட்கும் முன், மாமியின் கையில் கொடுத்திருந்தான்.

"நகை நீங்கள் போட்டது. தந்திட்டன்," என்றான். "வெட்டு அவ வரைஞ்சது. வாரிசு நான் எண்டு டெனிஷ் கோட்டுக் கடிதம் தந்திருக்கு."

"பாத்தியளே அண்ணை, மருமோன் கோட்டுக்கெல்லோ போறார்!"

"ஹோல் நூ ஒப், சித்தப்பா," என்றாள் சுஜீதா. நிறுத்துங்கள் என்று டெனிஷில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தாள். "முதல்ல சட்டம் கதைச்சது நீங்கள்தானே!"

"நீ உள்ளுக்குப் போ," என்றார் இராசரத்தினம். அவள் போகவில்லை.

அப்போது மாமி ஞானேஸ்வரி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள். குரலை உயர்த்தத் தெரியாதவள்.

"தம்பி, அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டினது நான். தேப்பனுக்கும் காட்டேல்லை, தங்கச்சிக்கும் காட்டேல்லை. கதவைப் பூட்டிப்போட்டுக் கட்டினனான். இண்டைக்கு முன்பின் தெரியாததெல்லாம் என்ர பிள்ளையின்ர நெஞ்சைப் பாக்குது."

சுபாங்கன் தரையைப் பார்த்தான்.

"அவதான் படம் எடுக்கச் சொன்னவ மாமி," என்றான் கடைசியில். "நான்தான் எடுத்தனான். நாப்பது படம். எடுத்ததெல்லாத்திலயும் கண்ணை மூடினது அவ. பேச்சு வாங்கினது நான். 'காத்தாடி செய்யிற கையால ஒரு படம் எடுக்கத் தெரியாதோ' எண்டு கேட்டவ."

மாமியின் வாயோரம் அசைந்தது. "அவளுக்கு வாய்தானே," என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கடையில இருந்து அதை எடுத்துவிடுங்கோ தம்பி. இவையளுக்காக இல்லை. எனக்காக."

அந்த வீட்டில் அவன் மாமியிடம் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. போட்ட சோற்றைக்கூடப் போதும் என்று சொன்னதில்லை.

"இல்லை மாமி," என்றான்.

இராசரத்தினம்தான் முதலில் பேசினார். "அப்ப கொம்பனி?"

"கொம்பனி உங்கட. நான் விலகிறன். அதுக்குள்ள ஒண்டும் இல்லை மாமா, வெறும் பெட்டி. நான் கையெழுத்து வைக்காமல் ஒரு வெட்டும் அதுக்குள்ள போகாது. நான் வைக்கமாட்டன்."

திரையில் சின்னமாமாவின் முகம் அசையாமல் நின்றது. இணைப்புப் போய்விட்டதென்று சுஜீதா தொலைபேசியைத் தட்டினாள். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

தேத்தண்ணி வரவில்லை. சுபாங்கன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டுக்குப் போகும்வரை அவனால் பொறுக்க முடியவில்லை. துறைமுகத்தருகே காரை நிறுத்தி, மடிக்கணினியைத் திறந்தான். காற்று காரை ஆட்டியது. சாரங்கி பாதியில் விட்ட படிவம் காலாவதியாகியிருந்தது. முதலிலிருந்து தொடங்கினான்.

மாநிலம்: வயோமிங். அவன் அந்த மாநிலத்தின் மண்ணை மிதித்ததில்லை, மிதிக்கப்போவதுமில்லை. பெயர்: சாரங்கி பற்றேர்ன்ஸ் எல்.எல்.சி. அதே பெயரில் வேறு எவரும் பதிந்திருக்கவில்லை. கடிதம் வாங்கும் முகவராகச் சையென் நகரில் ஒரு நிறுவனத்தைத் தெரிந்தெடுத்தான். உறவினர் இல்லை, கட்டணத்துக்கு வேலை செய்கிறவர்கள். அது மனதுக்கு இதமாக இருந்தது. பங்காளர் எத்தனை பேர்? ஒருவர். பதிவேட்டில் உங்கள் பெயர் தெரியாமல் மறைக்க வேண்டுமா, கொஞ்சம் கூடுதலாகச் செலுத்தினால் போதும் என்றது அடுத்த கேள்வி. வேண்டாம் என்று அழுத்தினான். தன் பெயரையும் பிராண்டே வீட்டு விலாசத்தையும் முழுதாக எழுதினான்.

வெள்ளிக்கிழமையே டெனிஷ் வரிக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருந்தான். "எங்கே பதிந்தாலும் நீங்கள் பிராண்டேயில் இருந்து நடத்தினால் வரி இங்கேதான்," என்றாள் அங்கிருந்த பெண். "தெரியும். கட்டுவேன்," என்றான். "அப்படியானால் ஏன் அவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்று அவள் கேட்டாள். ஹூஸ்டனில் வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள் என்றான். அது முழுப் பதில் இல்லை. மிச்சத்தை ஒரு வரி அதிகாரியிடம் சொல்வானேன்?

மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது. பன்னிரண்டு வெட்டுகளையும் தன்னிடமிருந்து அந்த நிறுவனத்துக்கு மாற்றி ஒரு பக்கப் பத்திரம் எழுதினான். எல்லாவற்றையும் ஹூஸ்டனுக்கு அனுப்பினான்.

அங்கிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. ஏழாம் இலக்கத்தைத்தான் தங்கள் வாடிக்கைக்காரப் பெண்கள் அதிகம் கேட்கிறார்கள், மகிழ்ச்சி. படத்தை மட்டும் வேறொரு பெண்ணை வைத்து, கொஞ்சம் மென்மையாக எடுத்து அனுப்ப இயலுமா?

சுபாங்கன் எழுதினான்: "இயலாது. வரைந்தவர் அவர்தான். வெட்டு அந்தப் படத்தோடு வரும், அல்லது வராது."

இரண்டு நாள் சத்தமில்லை. அவன் வேலைக்குப் போனான், வந்தான். ஒப்பந்தம் கைநழுவிப் போகலாம் என்று தெரிந்தது. எழுதியதைத் திருப்பி எடுக்க வேண்டுமென்று தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஒப்பந்தம் அவர்களின் கையெழுத்தோடு வந்தது. விளக்கம் எதுவும் இல்லை.

மே முதல் ஞாயிறு இராசரத்தினம் அழைத்தார். சுஜீதா சொல்லியிருப்பாள்.

"செய்து போட்டீர்."

"ஓம் மாமா."

"சனத்தின்ர முகத்தில முழிக்கேலாமல் பண்ணிப் போட்டீர். ஆவணியில ஆட்டைத் திவசம் வருது. உமக்கு இந்த வீட்டில அழைப்பில்லை."

கொள்ளி வைத்தவன் சுபாங்கன். பிள்ளையில்லாதவளுக்கு முதல் வருடத் திவசம் செய்ய வேண்டியவனும் அவன். அவன் இல்லாமல் எந்த ஐயரும் தர்ப்பையைத் தொடமாட்டார். அது இராசரத்தினத்துக்கும் தெரியும்.

"திவசத்துக்கு எனக்கு அழைப்பு வேண்டாம் மாமா. அது என்ர கடமை. நான் பிராண்டேயில, எங்கட வீட்டில செய்யிறன். ஐயரை நான் பிடிக்கிறன். நீங்கள் எல்லாரும் வாங்கோ."

"நான் வரமாட்டன்."

"வந்தால் சந்தோசம். வராட்டிலும் செய்வன்."

தூரத்தில், அடுக்களைப் பக்கமிருந்து மாமியின் குரல் கேட்டது. "எத்தினை மணிக்கெண்டு கேளுங்கோ."

மாமனார் கேட்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டார்.

சுபாங்கன் நாட்காட்டியை எடுத்துத் திதி பார்த்தான். மாமியின் எண்ணுக்குத் திகதியையும் காலை பத்து மணி என்பதையும் அனுப்பினான். பிறகு, திவசத்துக்கு வேறு படம் வைப்பான் என்று அவள் நம்பி வந்து ஏமாறக்கூடாது என்பதற்காக, இன்னொரு வரியும் எழுதி அனுப்பினான்.

"படம் அதேதான் மாமி."