பக்கத்துக் கதவு

என் வீட்டுக்காரருக்கு வராதது ஒன்றே ஒன்றுதான். "தெரியாது" என்று சொல்ல வராது. டைல்ஸ் கடையில், வீடு வீடாகப் போய்த் தரையை அளந்து வரும் வேலை. அங்கே அளப்பது போதாதென்று வெளியிலும் அளப்பார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு என் காது பழகிவிட்டது.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு சம்பந்திகள் இருவரும் முதல் முறையாக எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். பழைய நகரத்தில் காட்டுவதற்கு என்று இருப்பது அந்த மறைவுப் பாதைகள்தான். ஒரு தெருவில் நுழைந்தால் வீடுகளின் வயிற்றுக்குள்ளேயே போய் அடுத்த தெருவில் வெளியே வரலாம். கலவர காலத்தில் வெளியே தலைகாட்டாமல் போய்வரக் கட்டியதாம். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீட்டுக் கதவு மாதிரிதான் இருக்கும். வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளலாமே என்றேன். "நான் பிறந்து வளர்ந்த ஊர்ல எனக்குக் கைடா?" என்றார். சம்பந்தியம்மா சிரித்தார். அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை.

இரண்டு பாதைகளை ஒழுங்காகத்தான் காட்டினார். மூன்றாவதற்கு ஒரு பச்சைக் கதவைத் தள்ளினார். உள்ளே இருட்டான நடை. அது முடிந்ததும் ஓர் அறை. தையல் மெஷின் முன்னால் ஒரு பெண், மடியில் பாதி தைத்த சட்டைக் காலர்கள். சுவரோரக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு அவளுடைய அப்பா. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம் என்பது அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கும் புரியாமல் இருந்திருக்காது. ஆனால் பின்னாலேயே சம்பந்தி நிற்கிறாரே. "இதுவும் பாதைதான் சம்பந்தி. நடுவுல குடிவந்துட்டாங்க" என்றார் கூச்சமே இல்லாமல். பையிலிருந்து அளவு எடுக்கும் லேசர் கருவியை எடுத்து அமுக்கினார். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. பக்கத்தில் போய் விரலால் தட்டினார். "கேட்டீங்களா, உள்ள காலி. இந்தச் சுவரை எடுத்துட்டா அடுத்த தெரு வரைக்கும் பளிச்னு தெரியும்."

அந்தப் பெண் காலர்கள் கீழே விழ எழுந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "உட்காருங்க சார்" என்றாள். அவர் அளப்பதற்கு வசதியாகக் கட்டிலைச் சுவரிலிருந்து இழுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. "பக்கத்து வீட்டுலயும் இதே மாதிரி சிவப்புப் புள்ளி வெச்சுத்தான் பார்த்தாங்க. அடுத்த மாசமே காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றார். "எங்களுக்கு எத்தனை நாள் குடுப்பீங்க சார்?"

இவர் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது. நானும்தான். வழி தவறி வந்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை போதும். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். நான் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கட்டியவரை அவர்கள் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். என் பெண் அந்த வீட்டில் அல்லவா வாழ வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வேறு.

தெருவுக்கு வந்ததும் சம்பந்தி, "நீங்க கவர்மென்ட்டுக்கும் அளந்து குடுக்கறீங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "அப்பப்போ" என்றார் இவர். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குடையை உள்ளே மறந்து வைத்துவிட்டேன், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லித் திரும்பினேன். குடை என் கையிலேயே இருந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டார்.

கதவு திறந்தே கிடந்தது. கட்டில் அறையின் நடுவில் இருந்தது. அந்தப் பெண் அடுப்பை அணைத்திருந்தாள். ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படங்களைக் கழற்றி ஒவ்வொன்றாக அப்பாவின் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் ஆபீசர் இல்லம்மா. என் வீட்டுக்காரர். டைல்ஸ் கடையில வேலை. பாதைன்னு நினைச்சு உங்க வீட்டுக்குள்ள வந்துட்டோம்."

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "பாதை பக்கத்துக் கதவு. அந்த வீட்டைக் காலி பண்ணித்தான் திறந்து விட்டிருக்காங்க" என்றாள். "தப்பா இங்க வர்றவங்க நிறையப் பேர். சாரின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. யாரும் சுவரைத் தட்டிப் பார்த்ததில்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

உடம்பெல்லாம் கூசியது. ஏதாவது செய்தால் தேவலை போலிருந்தது. குடையை மெஷின் மேல் வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தேன். "வாம்மா, ரெண்டு பேருமா பழைய இடத்துக்கே தள்ளிடலாம்."

அவளுடைய அப்பா மடியில் இருந்த படங்களை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். குரலில் கோபமே இல்லை. "விடுங்கம்மா, இங்கேயே இருக்கட்டும். நிஜமா வர்றவங்களுக்காக மறுபடியும் இழுக்கணுமே."

நான் கையை எடுத்துக்கொண்டேன். என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று நினைவில்லை. தெருமுனையில் சம்பந்தியம்மா என் வெறும் கைகளைப் பார்த்து, "குடை கிடைக்கலையா?" என்று கேட்டார். அது உள்ளே மெஷின் மேல் இருந்தது. எந்த முகத்தோடு திரும்பிப் போய் அதைக் கேட்பேன்?