கேட்காத விடுப்பு

இருட்டு அறையில், வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் அவர் முகத்தைப் பதித்திருந்தார். கையில் ஒரு பொத்தான். உள்ளே எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை. திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் புள்ளிகள் தெரியவில்லை, பொத்தானின் சத்தம் மட்டும் கேட்டது. டிக், டிக். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. போன வருடமும் இதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போது இவ்வளவு இடைவெளி இருந்ததாக நினைவில்லை. தூங்கிவிட்டாரோ என்று ஒருமுறை எட்டிக்கூடப் பார்த்தாள். கட்டைவிரல் பொத்தானின் மேல் தயாராக இருந்தது.

டாக்டர் கெட்டவரில்லை. வெளியே காத்திருந்த கூட்டம்தான் அவரை அவசரப்படுத்தியது. விழித்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டே வருகிறது, அதற்கு மருந்து கிடையாது என்பதை இவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். "நடுவுல இருக்கிற பார்வை இன்னும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தாங்கும். எதையாவது பாக்கணும்னு ஆசை வெச்சிருந்தா பாத்துடுங்க" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்.

பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். அவர் லிப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடம் அடுக்குமாடிகளின் உச்சியில் கம்பிவடங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர். மூன்று மாதத்துக்கு முன்னால், லிப்ட் வராத குழிக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். கூட இருந்தவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து உதிரிப்பாகக் கிடங்கில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். பெயருக்கு ஒரு வேலை. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

"நீங்க என்னங்க பாக்கணும்?" என்று அவள்தான் கேட்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான்.

அவர் யோசிக்கவே இல்லை. "ஒட்டகச்சிவிங்கி ஓடுறத."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் அதையே பேசிக்கொண்டு வந்தார். டிவியில் பார்த்தால் அது மெதுவாக மிதப்பதுபோல இருக்குமாம், நிஜத்தில் நல்ல வேகமாம். "அவ்வளவு ஒசரத்துல தலைய வெச்சிக்கிட்டு எப்படி கவுந்துடாம ஓடுது? நம்ம லிப்டுக்கு ஒரு பக்கம் ஆள்னா மறுபக்கம் கவுண்டர்வெயிட் வேணும். அதுக்கு எங்க இருக்கு? நேர்ல பாத்தாதான் எனக்குப் பிடிபடும் டாக்டரே." ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள் என்பதால் கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்கு டாக்டர்தான். கோபம் வந்தால் பெரிய டாக்டர்.

அடுத்த சனிக்கிழமை சும்மா விசாரித்துப் பார்க்கலாமே என்று ஒரு பயண அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் வழவழப்பான புத்தகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஆப்பிரிக்காவில் எட்டு நாள். கூரை திறக்கிற வண்டி. சமவெளிக்கு நடுவே கூடாரம், கூடாரத்துக்குள் கட்டில். அவர் அந்தப் படங்களைத் தலையை இடமிருந்து வலமாக நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாகப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த தொகையை அவள் மட்டும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து, அவளுடைய பதினான்கு மாதச் சம்பளம்.

"இவ்வளவு கொடுத்தா மிருகமெல்லாம் கண்டிப்பா பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"அது காடும்மா. நான் எப்படி கேரண்டி கொடுக்கிறது? ஆனா போயிட்டு வந்தவங்க யாரும் காசு வீணாப் போச்சுன்னு என்கிட்ட சொன்னதில்ல."

"லிப்டுக்கே கேரண்டி கிடையாது, மிருகத்துக்கு எங்க போறது" என்றார் அவர். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் இப்படி முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்கவைத்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில். லிப்ட் இல்லாத கட்டடம். அதைச் சொல்லிச் சொல்லி அவரே கிண்டல் செய்துகொள்வார். இப்போதெல்லாம் மாலையில் அவர் படியேறி வரும் சத்தத்தை அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். ஒவ்வொரு திருப்பத்திலும் செருப்பு ஒருமுறை சுவரில் தட்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு காலியாக இருந்தது. முன்பணம் அதிகம் கேட்டார்கள். இவரிடம் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சுவரில் ஈரம், சமையலறைக்குள் ஒரு ஆள்தான் நிற்க முடியும். ஆனால் படி கிடையாது. வாசலில் சின்ன முற்றம், அதைத் தாண்டினால் வண்டிகள் வராத சந்து. வங்கியில் இருந்த பணத்தில் அந்த வீட்டைப் பிடிக்கலாம், இல்லையென்றால் ஆப்பிரிக்காவுக்குப் போகலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது.

பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு கையாகப் பட்டை கட்டி நரம்பு தேடும்போதெல்லாம் அவளுக்கு இதே நினைப்பு. போவோம், பார்ப்பார், சரி. அதற்கப்புறம்? பார்த்ததை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் இருட்டில் உட்கார்ந்திருப்பார்? பார்த்துவிட்டு உட்காருவதற்கும் பார்க்காமல் உட்காருவதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்குமா? அது ஓடாமல் மரத்தடியிலேயே நின்றுவிட்டால்? வேலை பார்க்கப் போவது இனி அவள் ஒருத்திதான். நாற்பத்தேழு வயது. பிள்ளைகள் இல்லை. இப்படியெல்லாம் நினைத்துவிட்டு, தன் மேலேயே அருவருப்பு வந்து, அடுத்தவரின் கையைத் தேவைக்கு அதிகமாகப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருப்பாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் ஒரு நொடியில் ஒத்துக்கொள்வார். அவளுக்கு அதுதான் பயம்.

அவரோ முதலில் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார். பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு எங்கிருந்தோ பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கிவந்து, காலை நேரத்தில் ஜன்னலருகே நின்று எதிர் மொட்டை மாடிகளில் புறாக்களைத் தேடிப் பழகினார். தேடுவதற்குள் பறந்துவிடும். "பரவால்ல, அது புறா. நம்மாளு பதினெட்டு அடி" என்பார். ஒருநாள் சாப்பிடும்போது, "நீ லீவு கேளு. பத்து நாள் கொடுத்தாங்கன்னா பணத்தக் கட்டிடலாம். நீ வராம நான் மட்டும் போகமாட்டேன்" என்றார்.

"கேக்கிறேன்" என்றாள்.

கேட்கவில்லை. காலையில், பரிசோதனைக் கூடத்தை நடத்தும் பெரிய மேடத்தின் அறைவரை போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, என்ன என்பதுபோல் தலையசைத்தார். புதிதாக வந்த ஊசிப் பெட்டிகளைப் பற்றி எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

மாலையில் வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "லீவு கொடுக்கமாட்டேங்கிறாங்க. ஆள் இல்லையாம்."

"நல்லா கேட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேன்."

அவர் தலையை நகர்த்தி அவள் முகத்தைத் தேடிப் பிடித்தார். "சரி விடு. அவங்களச் சொல்லியும் தப்பில்ல. ஆள் பத்தலன்னா அவங்கதான் என்ன பண்ணுவாங்க."

இரண்டு நாள் கழித்து அவள் தரைத்தள வீட்டைப் பற்றி அவரிடம் சொன்னாள். அடுத்த வாரம் அதற்கு முன்பணம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் குடிபோனார்கள். மூட்டை கட்டும்போது பைனாகுலரை அவரே துணியில் சுற்றி, கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். வீடு நன்றாக இருக்கிறது என்றார். படி இல்லாதது பெரிய நிம்மதி என்றார். அவர் ஒவ்வொன்றாகப் பாராட்டப் பாராட்ட, அவள் அடுக்கிய பாத்திரங்களையே கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் வருடாந்தர ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்டார்கள். அவர் ஒருநாள் காலை வெறும் வயிற்றோடு கூடத்துக்கு வந்தார். அவளுடைய மேசைக்கே வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பெரிய மேடம் அந்தப் பக்கமாக வந்தார்.

"சார் நீங்கதானா? உங்களப் பாக்கணும்னே இருந்தேன். இவங்கள எங்கயாவது வெளியூர் கூட்டிட்டுப் போங்க. ஏழு வருஷமா ஒருநாள் லீவு கேட்டதில்ல. நானா பத்து நாள் எடுத்துக்கோங்கன்னு சொன்னாக்கூட எதுக்கு மேடம்னு கேக்கிறாங்க."

அவள் கை பட்டையின் மேலேயே நின்றுவிட்டது. அவருடைய முழங்கை மடிப்பைத் தவிர வேறெங்கும் பார்க்க அவளால் முடியவில்லை.

"அவமேல தப்பில்ல மேடம்" என்றார் அவர். "அவ கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா. நான்தான் வீட்ட விட்டு நகரமாட்டேங்கிறேன்."

"நல்ல ஆளு சார் நீங்க" என்று சிரித்துவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

கண்ணை மூடிக்கொண்டுகூட நரம்பைக் கண்டுபிடிப்பவள் என்று கூடத்தில் அவளுக்குப் பெயர். அன்று கிடைக்கவில்லை. ஒருமுறை குத்தி, எடுத்து, மறுபடி தடவினாள். அவர் கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். "குத்துங்க டாக்டரே, எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றார். எப்போதும் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார்.

அன்று மாலை அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். மறுநாள் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். என்ன சொல்வது என்று வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் கத்தினால் அழலாம். அழுதால் சொல்லலாம். அவர் எதையும் கேட்கவில்லை. வழக்கம்போல் சாப்பிட்டார், வழக்கம்போல் கிடங்குக்குப் போய்வந்தார், பிறகு கிடங்கும் வேண்டாம் என்று ஆனபோது வீட்டிலேயே இருந்தார். அவள் ஒருநாள் வேலை முடிந்து அந்தப் பயண அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். தவணையில் கட்டலாமா என்று கேட்டாள். கட்டலாம், இந்த வருடம் இடமில்லை, அடுத்த வருடத்துக்கு எழுதிக்கொள்ளவா என்றாள் அந்தப் பெண்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டே அவள் சொன்னாள். "தவணை இருக்காம். அடுத்த வருஷம் போலாம்ங்க. நான் லீவு சொல்லிட்டேன்."

அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். 

"இப்பவே பெருசா இருக்கிறது எதுவும் முழுசாத் தெரியறதில்ல" என்றார். "பக்கத்துல பாத்தா கழுத்துன்னா கழுத்து மட்டும் தெரியும், காலுன்னா காலு. ஓடுறதுன்னா ரெண்டும் சேந்து தெரியணும்." பிறகு, "உன்னையே பாரு, இங்க நிக்கிறே, எனக்கு உன் மூக்கும் ஒரு கண்ணும்தான் தெரியுது. தள்ளி நின்னா முழுசாத் தெரிவே" என்றார்.

அவள் ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு, பின்பக்கமாக நாலடி நடந்தாள். "இப்ப?"

"முகம் வந்துடுச்சு. இன்னும் போ."

முற்றத்தைத் தாண்டிச் சந்தில் இறங்கினாள். "இப்ப?"

"இடுப்புவரைக்கும். இன்னும்."

அவரைப் பார்த்தபடியே அவள் பின்வாங்கினாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஒரு சைக்கிள் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. சந்தின் முனையில் மின்கம்பத்தில் முதுகு இடித்து நின்றாள். ஈரக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, யாரோ அளவெடுக்கக் காத்திருப்பவள்போல நேராக நின்றாள். அங்கிருந்து அவர் வாசல் நிலைக்குள் ஒரு விரல் உயரம்தான் இருந்தார். உதடு அசைந்தது, ஆனால் கேட்கவில்லை. பிறகு கையை உயர்த்தினார். போதும் என்கிறாரா, இன்னும் போ என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.