தெளிந்த குளம்

குளம் தெளிந்திருந்தது. முந்தாநாள்வரை யாரோ பச்சைப் பெயிண்டைக் கவிழ்த்த மாதிரி இருந்த தண்ணீரில், இன்று காலை அடிமண் தெரிந்தது. கரையில் நின்ற பண்ணை அதிகாரிக்கு முதலில் சந்தோஷம்தான்.

அடுத்த நொடி மீன்கள் கண்ணில் பட்டன. அத்தனையும் மேலே கிடந்தன. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன.

அதிகாரி மோட்டார் அறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"அண்ணே! ஏரேட்டரைப் போடு!"

மோட்டார் அறையிலிருந்து ஆபரேட்டர் எட்டிப் பார்த்தான். கூடப்பிறந்த அண்ணன். வேலை நேரத்தில் அவளுக்கு மேடம் பட்டம், சாப்பாட்டு நேரத்தில் கழுதைப் பட்டம்.

"மேடம் உத்தரவு. டீயாவது குடிச்சிட்டு..."

அவள் முகத்தைப் பார்த்தான். டீ டம்ளரை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

அந்த மீன் வேறு எங்கும் கிடையாது. முட்டையிட ஆற்றை எதிர்த்து மேலே ஏறும் ஜாதி அது. நடுவில் அணை எழும்பியதும் ஏற வழியில்லை. ஆற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியாகப் பிடித்த குஞ்சுகளை இந்தக் குளத்தில் விட்டு, கண்ணுக்குள் வைத்து வளர்த்தவள் அவள். இந்தப் பருவத்தில்தான் முதன்முறையாகத் தாய் மீன்களின் வயிறு நிறைந்திருந்தது. நாளைக்குப் பிடித்து ஹார்மோன் ஊசி போட்டால் முட்டை. விட்டால் ஓராண்டு போச்சு.

வயிறு நிறையட்டும் என்று ஒரு மாதமாகத் தீவனத்தை அள்ளி அள்ளிப் போட்டாள். மீன் தின்றது கொஞ்சம். மிச்சமும் கழிவும் அடியில் மக்கின. மக்கியது உரமாயிற்று. உரத்தைத் தின்று பாசி பொங்கியது. தண்ணீர் பச்சையானது. எந்த மீன் எங்கே என்றே தெரியவில்லை.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் தெளிப்பார்கள். ஒரு மூலைக்கு இன்று, அடுத்த மூலைக்குச் சில நாள் கழித்து என்று பிரித்துத்தான். பயிற்சிக்கு வருபவர்களுக்கு அவளே தொண்டை வறளச் சொல்லும் பாடம். ஆனால் பருவம் கைநழுவப் பார்த்தது. முந்தாநாள் உச்சி வெயிலில் குளம் முழுக்க ஒரேயடியாகத் தெளிக்கச் சொன்னாள்.

"மொத்தமாவா?" என்று அண்ணன் தயங்கினான்.

"மொத்தமாத்தான். மீட்டரைப் பாரேன், ஆக்சிஜன் எக்கச்சக்கமா இருக்கு."

இருந்தது. வெயிலைக் குடித்து அதைத் தயாரித்துக்கொண்டிருந்ததே அந்தப் பாசிதான். சமைக்கிறவளைக் கொன்றுவிட்டு, சட்டியில் இருந்த சோற்றைப் பார்த்து நிம்மதி அடைந்திருந்தாள். செத்த பாசி இப்போது அடியில் அழுகிக்கொண்டிருந்தது. அதைத் தின்ன வந்த கிருமிக் கூட்டம் மிச்சமிருந்த மூச்சையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து வானமும் மூட்டம்.

தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் ஏரேட்டரின் சக்கரம் தடதடத்துச் சுழன்றது. அடிச்சேறு கிளம்பி மேலே வந்தது. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. அவள் மீட்டரை நீருக்குள் இறக்கினாள். எண் ஏறவில்லை. இறங்கியது.

"நிறுத்து! நிறுத்து!"

"போடுங்கற, நிறுத்துங்கற! ஏதாவது ஒண்ணு சொல்லு தாயி!"

"சேத்தக் கலக்குதுண்ணே! வலையை எடு. தொட்டிக்கு மாத்திடலாம்."

கொட்டகையில் சிமெண்ட் தொட்டி இருந்தது. சுத்தமான தண்ணீர், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். வலைக்குள் முதலில் வந்தவள் பெரியம்மா. குளத்திலேயே பெரிய மீன். அந்தப் பெயர் அண்ணன் வைத்தது. துள்ளவில்லை. ஒருக்களித்துக் கிடந்தாள். வெள்ளை வயிறு புடைத்துக்கொண்டு மேலே இருந்தது.

"பெரியம்மா போயிட்டா," என்றான்.

"பேசாத. அடுத்ததை எடு."

உடம்பு பெரிதானால் மூச்சும் அதிகம் வேண்டும். பெரியவைதான் முதலில் போகும். பெரியவை என்றால் முட்டை சுமந்தவை. வலை போன இடமெல்லாம் வெள்ளை வயிறாக மிதந்தது. உயிர் இருந்ததை மட்டும் வாளியில் போட்டு ஓடினார்கள். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார்கள். தொட்டிக்குள்ளும் சில மல்லாந்தன.

ஒருவழியாக எல்லாம் அடங்கியபோது தொட்டியில் மூன்று மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. மூன்றும் ஒல்லி.

"மூணு இருக்கு இல்ல? ஒரு ஜோடி போதுமே. அதுலேர்ந்து மறுபடியும் கொண்டுவந்துடலாம். என்னம்மா?"

அவள் ஒன்றை ஈரத்துணியில் ஏந்தினாள். வயிற்றை லேசாக வருடினாள். பால் போல ஒரு சொட்டு வெளியே வந்தது.

"ஆண்," என்றாள்.

இரண்டாவதை எடுத்தாள். வெள்ளைச் சொட்டு.

மூன்றாவதற்குக் கை நீட்டவில்லை. அண்ணனே சட்டென்று அதை எடுத்து, அவள் செய்தது போலவே வருடினான். பிறகு தன் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றான். சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இதுங்க எத்தனை வருஷம் இருக்கும்?"

"நல்லா பாத்துக்கிட்டா பத்து வருஷம் இருக்கும்."

அவன் சிலிண்டரின் திருகைச் சற்றுத் திறந்துவிட்டான். குமிழிகள் கிளம்பின. மூன்று ஆண் மீன்களும் அவற்றின் நடுவே புகுந்து, இல்லாத ஒன்றைத் தேடுவது போல, எதிர்நீச்சல் போடத் தொடங்கின.