தீட்டுப்படாத சாட்சி

விடிந்தும் விடியாததுமாக ரோம ஆளுநர் மாளிகை வாசலில் போய் நின்றவர்களில் யோவேசரும் ஒருவர். எருசலேம் ஆலோசனைச் சங்கத்தில் ஆசனம் உள்ள பெரிய மனிதர். உள்ளே ஒரு கலிலேயன் கை கட்டப்பட்டு நின்றான். ரோமச் சக்கரவர்த்தியான ராயனுக்கு வரி கட்டாதே என்று ஜனங்களைத் தூண்டினானாம். ஆளுநர் நம்பிவிட்டால் சிலுவைதான்.

அது பச்சைப் பொய் என்று யோவேசருக்குத் தெரியும். அந்த வாரம் ஆலய முற்றத்தில் சிலர் வரியைப் பற்றி அவனிடம் கேட்டபோது அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவன் கட்டத்தான் சொன்னான்.

உள்ளே போய் அதைச் சொல்லிவிட்டு வரலாம். ஆனால் அன்று மாலை பஸ்கா பண்டிகை, ஆடு அடித்து உண்ணும் விருந்து. யூதனல்லாத புறஜாதியான் வீட்டுக்குள் கால் வைத்தால் தீட்டு, ஆட்டுக்கறியைத் தொட முடியாது. யோவேசருக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது! முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

ஊர் ஜனமெல்லாம் பண்டிகைக்காக வீட்டில் மூலை முடுக்கைத் துடைத்துப் புளித்த மாவை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தது. இங்கே தொண்டை கிழியக் கத்தியவர்கள் ஆசாரியத் தலைவர்களின் கையாட்கள். பண்டிகை அங்கியைக்கூட ரோமனிடம் கேட்டு வாங்கி உடுத்துகிற தலைவர்கள் அவர்கள். தேசத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார்களாம்.

மொழிபெயர்க்கும் கிரேக்கன் திமோன் வாசலுக்கு வந்தான். "உள்ள வந்து சாட்சி சொல்றவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

"இன்னிக்கு நாங்க உள்ள வரக் கூடாதுப்பா. தெரியாதா உனக்கு?" என்றார் யோவேசர்.

திமோன் போனான். சற்று நேரத்தில் ஆளுநரே வெளியே வந்துவிட்டார். கல்தளத்தில் நாற்காலி போடச் சொல்லி, கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யோவேசர் ஓரடி பின்னுக்கு நகர்ந்தார்.

"இவன விட்டா நீங்க ராயனுக்கு வேண்டியவரில்ல," என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். திமோன் அதை மொழிபெயர்த்ததும் ஆளுநரின் கொட்டாவி பாதியில் நின்றது. ஊரையே நடுங்க வைக்கிற மனிதர், ரோமுக்கு ஒரு புகார் போய்விடுமோ என்று நடுங்கினார். ஆனாலும் தப்பிக்க ஒரு வழி தேடினார்.

"வரியப் பத்தி இவன் சொன்னத நேர்ல காதால கேட்டவங்க இருந்தா சொல்லலாம்னு ஐயா சொல்றாரு. உள்ள வர வேணாம், நின்ன இடத்துலயே சொல்லலாம்," என்றான் திமோன்.

ஆலயக் கண்காணி மத்தித்தியா யோவேசரின் காதருகே குனிந்தார். "அண்ணே, சங்கத்துல உங்க எடத்துக்கு நாலு பேரு காத்திருக்கான். பாத்துப் பேசுங்க."

திமோன் நேராக அவரையே பார்த்தான். "அன்னிக்கு ஆலய முற்றத்துல நீங்க இருந்தீங்கன்னு சொல்றாங்களே பெரியவரே?"

"இருந்தேன். ஒரே சத்தம். ஒண்ணும் சரியா காதுல விழல."

ஆளுநர் பெருமூச்சு விட்டார். அதில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. கலிலேயனைச் சிலுவைக்குக் கொண்டு போனார்கள்.

யோவேசர் சுவரோரமாக ஒதுங்கி, யார் மேலும் படாமல் வீட்டுக்கு நடந்தார். தெருமுனையில் பக்கத்து வீட்டுக் குயவன் எலாசா கையெல்லாம் மண்ணோடு வந்தான்.

"என்ன எலாசா, ஆடு அடிக்கப் போகலியா?"

"எங்கண்ணே. கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரன் ஒருத்தன் தெருவுல விழுந்து செத்துக் கெடந்தான். சொந்தம்னு யாரும் இல்ல. நான்தான் தூக்கிட்டுப் போய்ப் பொதச்சேன். பொணத்தத் தொட்டாச்சு, இன்னிக்கு பஸ்கா இல்ல. தீட்டுப்பட்டவனுக்குத்தான் அடுத்த மாசம் இன்னொரு பஸ்கா இருக்கே, அப்பத் தின்னுக்கறேன். நீங்கதானே அந்தச் சட்டத்த ஜெப ஆலயத்துல வாசிச்சுச் சொன்னீங்க?"

யோவேசரின் முகம் சுண்டிப்போயிற்று. எலாசா இரண்டடி கிட்டே வந்தான்.

"தள்ளி நில்லு, மேல பட்டுடப் போகுது," என்றார் யோவேசர்.