லைட் டூட்டி

"பெருவிரலக் கட்டாம எப்படி மதினி தூக்குறது?"

"அதான் கணுக்கால்ல கட்டிருக்கேன்ல. அது போதும்."

"கணுக்கால்ல கட்டுறதுக்கு எங்கண்ணன் என்ன சந்தைக்குப் போற கோழியா? சாக்ஸ அவுருங்க. சாக்ஸ் போட்டுக்கிட்டு எவனாச்சும் சுடுகாட்டுக்குப் போனதக் கண்டிருக்கீகளா?"

தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டு, உடனே தலையைக் குனிந்துகொண்டார்கள். வாசலில் போட்ட பெஞ்சில் ராஜமணி படுத்திருந்தார். தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்து முடித்தாகிவிட்டது. இனிக் குளிப்பாட்ட வேண்டியதுதான். ஆனால் அவர் மனைவி மலையம்மாள் தரையில் உட்கார்ந்து, கறுப்பு சாக்ஸ் போட்ட இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த தம்பி குருசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணன் மனைவியின் கையைத் தொட்டு விலக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

விஜி சீயக்காய்க் கிண்ணத்தோடு அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். ஒரே மகள். கோயம்புத்தூரில், அவளும் அப்பாவும் வேலை பார்க்கும் மில்லின் தலைமை அலுவலகத்தில் இரண்டு நாள் கூட்டத்துக்குப் போயிருந்தவள். அப்பாவுக்குக் காய்ச்சல் கூடி, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக நேற்று சாயங்காலம் போன் வந்தது. விடியும் முன் தேனியில் இறங்கியபோது அப்பாவோடு வேலை பார்க்கும் ராக்கையா மாமா பைக்கோடு நின்றிருந்தார். "ஏறு ஆத்தா" என்றார். வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் வீட்டுப் பக்கம் திரும்பியபோது அவள் தெரிந்துகொண்டாள்.

"அம்மா, விடும்மா. சித்தப்பா பாத்துக்கிருவாரு" என்றாள்.

மலையம்மாள் மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கைகளை எடுத்துக்கொண்டாள்.

இடது கால் சரியாகத்தான் இருந்தது. வலது சாக்ஸுக்குள் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி இருந்தது. குருசாமி அதையும் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு கையில் வைத்திருந்த துணி நாடாவை என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார். கட்டுவதற்கு அங்கே விரல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நசுங்கிக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது.

"ஆத்தாடி. என்ன மதினி இது?"

"சுகரு" என்றாள் மலையம்மாள். "சுகர்ப் புண்ணு. தண்ணிய ஊத்துங்க."

தண்ணீரை ஊற்றினார்கள்.

விஜி மில்லில் சேர்ந்தது தொண்ணூற்றெட்டில், தரக்கட்டுப்பாட்டு லேபில் உதவியாளராக. நூலில் ஓரிடத்தில் தடிப்பு இருந்தால், அது எந்த மெஷினில், எந்த உருளையில் பிறந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. அவளுக்கு அது சீக்கிரம் கைவந்தது. கண்ணை மூடிக்கொண்டு நூலை விரல்களுக்கிடையில் ஓடவிடும்போது, ஒரு நீண்ட வாக்கியத்தில் தவறான சொல்லைத் தேடுவதுபோல இருக்கும். ஐந்து வருடத்தில் சூப்பர்வைசர் ஆனாள். மில்லே செலவு செய்து சென்னைக்கு அனுப்பி, தொழிற்பாதுகாப்பில் டிப்ளமா படிக்கவைத்தது. திரும்பி வந்தபோது அவள் சேஃப்டி ஆபீசர். ஆண்டிபட்டி ரோட்டில் இருக்கும் மில் எதிலும் அதற்கு முன் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை என்று அப்பா டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையா என்று அவர் விசாரிக்கவில்லை.

இப்போதும் அவள் பின்னோக்கித்தான் போனாள். சர்க்கரை நோய் விரலைக் கறுக்கவைக்கும். பாதத்துக்குக் குறுக்கே நேர்கோடு போடாது. நூல் நிறைந்த குழல்களை அள்ளிப்போகும் வண்டியின் இரும்புச் சக்கரம் போடும்.

ராக்கையா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் அருகில் போனாள்.

"எந்த மிஷின்கிட்ட மாமா?"

என்ன கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

"ஒம்பதாம் நம்பரு. வண்டிய நாந்தேன் தள்ளிட்டு வந்தேன். பின்னாடி வாறாருன்னு நெனச்சேன். முன்னாடி குனிஞ்சு நூலப் பெறக்கிட்டு இருந்திருக்காரு."

"என்னைக்கு?"

"சுதந்திர தினத்துக்கு மறுநாளு."

பதினெட்டு நாட்கள். அவள் எண்ணுவதற்கு முன்பே எண்ணிக்கை வந்து நின்றது.

"முதலுதவி ரூமுக்கு வாங்கன்னு கையப் பிடிச்சு இழுத்தேன் ஆத்தா. 'ஏலே, அங்கன போனா எம்மக நோட்டுல ஏத்தணும். நோட்டுல ஏறுனா போர்டுல சைபர் போடணும். நீ போடுவியா?'ன்னாரு. லைட் டூட்டியாச்சும் கேளுங்கன்னேன். 'நானே போயி ஒக்காந்தா அவ மூஞ்சிய எங்க கொண்டுபோயி வப்பா?'ன்னுட்டாரு. மறுநா சூவோட வந்தாரு. நல்லா இறுக்கிக் கட்டிருந்தாரு."

மில் வாசலில் விபத்தில்லா நாட்களைக் காட்டும் பச்சைப் போர்டு இருக்கிறது. நேற்று வரை தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. ஜெர்மனிக்காரர்கள் நூல் வாங்குவதற்கு முன் வியாழக்கிழமை ஆடிட்டுக்கு வருகிறார்கள். அது நல்லபடியாக முடிந்தால், கம்பெனியின் மூன்று மில்களுக்கும் சேர்த்துப் பொறுப்பாக விஜியைக் கோயம்புத்தூருக்கு அழைப்பதாக முந்தாநாள் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அடிபட்ட ஆள் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வேலைக்கு வந்துவிட்டால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுத வேண்டியதில்லை என்பது சட்டம். அப்படிப்பட்ட காயத்தை மில்லில் நோட்டில் ஏற்றுவதில்லை, போர்டும் மாறுவதில்லை. அடிபட்டவரை வீட்டுக்கு அனுப்பாமல், கழிவுப் பஞ்சு பிரிக்கும் இடத்தில் உட்காரவைத்து வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கும் இந்த 'லைட் டூட்டி' விஜியின் யோசனை. பஞ்சு பொறுக்குவது லேசான வேலைதானே, சம்பளமும் போகாது என்று அவள் சொன்னபோது எல்லோருக்கும் அது கருணையாகவே தெரிந்தது. அவளுக்கும்தான். கையில் கட்டோடு வெள்ளைப் பஞ்சுக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்கள், எங்கோ பனி விழும் ஊரில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள்போல அவளுக்குத் தோன்றியதுண்டு.

ஷூவை அவள்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள். ஸ்பின்னிங் பகுதியில் எல்லோரும் வெறுங்காலோடு திரிவார்கள். அப்பாவும் ஆறு மாதம் அதை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். திடீரென்று அவர் போட்ட நாளில் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. ஷிஃப்ட் முழுக்கக் கழற்றாமல் இருக்கும் ஒரே ஜாபர், அதாவது மெஷின் மேஸ்திரி, இவர்தான் என்று போன வாரம் மீட்டிங்கில் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டவைத்தாள். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்கம் என்று நினைத்தாள்.

"நீ தட்டச் சொன்னப்ப நானும் தட்டுனேன்" என்றார் ராக்கையா.

பத்து மணிக்கு மில் வேன் வந்தது. மேனேஜர் மாலையைப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். நல்ல மனிதர். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. கிளம்பும்போது விஜியைத் தனியாக அழைத்தார்.

"வியாழக்கிழமைக்கு நீ வரணும்னு இல்லம்மா. நாங்க சமாளிச்சுக்கிறோம். விபத்து ரிஜிஸ்டர் எல்லாம் கிளீனாத்தான இருக்கு?"

"இருக்கு சார்."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அவள் பொய் சொல்லவில்லை. ரிஜிஸ்டர் சுத்தமாகத்தான் இருந்தது.

கொட்டுக்காரர்கள் மேளத்தைத் தீயில் காய்ச்சத் தொடங்கியபோது ராக்கையா மறுபடி பக்கத்தில் வந்தார்.

"எழுது ஆத்தா. தள்ளுனது ராக்கையான்னு எம்பேரப் போட்டே எழுது. எனக்கு அந்த வண்டியத் தள்ள முடியல. கைப்பிடியத் தொட்டாலே எலும்பு நொறுங்குன சத்தம் கேக்குது."

அதற்குள் கொட்டு தொடங்கிவிட்டது.

பதினொரு மணிக்குத் தூக்கினார்கள். பங்காளி மகன் ஒருவன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். தெருமுனை வரை போன பெண்கள் திரும்பி வந்து வீட்டைக் கழுவினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் வாசற்படி இறங்கிப் போயிற்று. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் டீ வந்தது. அதை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுக் கொண்டுவந்தவளும் போய்விட்டாள்.

அடுக்களைச் சுவரில் சாய்ந்து அம்மாவும் மகளும் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, நான் நோட்டுல எழுதப் போறேன்."

மலையம்மாள் தூக்குவாளியைச் சற்றுத் தள்ளிவைத்தாள்.

"பதினேழாந்தேதி போட்டு, நடந்தது நடந்தபடி எழுதப் போறேன். நாளைக்குப் போயி எழுதிருவேன். ஆடிட்டு என்னமும் ஆகட்டும்."

"பதினாறு" என்றாள் மலையம்மாள்.

"என்னம்மா?"

"பதினாறாந்தேதி. பதினேழு இல்ல. அன்னைக்கு ராத்திரிதான் மஞ்சப்பத்துப் போட்டேன். தேதியத் தப்பா எழுதிராத."

தேதியில் விஜி அதுவரை தவறியதே இல்லை.

"எழுது. நான் தடுக்கல. மறைக்கணும்னு சொன்னது அவுக. தலையாட்டுனது நானு. தெனமும் நீ ஷிஃப்டுக்குப் போனப்பறம் கட்டப் பிரிச்சுக் கட்டுவேன். நாத்தம் வந்தப்ப எலி செத்துக் கெடக்குன்னு ஒங்கிட்டச் சொன்னேன். நீ குனிஞ்சு கட்டிலுக்கடியில தேடுன. அவுக மேல படுத்துக்கிட்டு சிரிச்சாக."

சொல்லிவிட்டு அவளும் சிரிப்பதுபோல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. முந்தானையைப் பிழிந்து தரையில் சொட்டவிட்டாள். சொட்டு நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஆனா ஒண்ணு. எழுதுறதுக்கு முன்னாடி எனக்கு மட்டும் சொல்லு."

"என்னம்மா?"

"அன்னைக்கு ராத்திரியே நான் ஒங்கிட்டச் சொல்லிருக்கேன்னு வையி. ஒம் மொகத்துக்காகவும் போர்டுக்காகவும் பாக்காம, வந்து சொல்லிருக்கேன். நீ என்ன பண்ணிருப்ப? அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிருப்பியா? இல்ல, மறுநா காலைல அவுகளையும் கூட்டிட்டுப் போயி, மத்தவுகளோட பஞ்சு பெறக்க ஒக்கார வச்சிருப்பியா?"

டீயின் மேல் ஆடை படியத் தொடங்கியிருந்தது. வெளியே ஒரு மில் பஸ் அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"கோவிச்சுக்க மாட்டேன். எது நெசமோ அதச் சொல்லு, ஆத்தா."