மடங்காத முழங்கால்

ஷாமிலாவின் முழங்காலுக்கு மேலே எலும்பில் வளர்ந்திருந்த கட்டியை வெட்டி எடுத்து, உலோக மூட்டு வைத்துத் தைத்திருந்தார்கள். பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் பிசியோதெரபி மிஸ் சரோஜாதேவி ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான பேச்சு.

"ஒப்பரேஷன் அரைவாசிதான். மிச்சம் உங்கட கையில. ஆறு கிழமைக்குள்ள தொண்ணூறு பாகை மடங்க வேணும். நோகும். நொந்தாலும் ஒரு நாளும் விடாதேங்கோ. முழங்காலுக்குக் கீழ தலகாணி வைக்கவே கூடாது, கால் நீளாமல் இறுகிப்போகும்."

தாய் நாகலெட்சுமி தலையாட்டினாள். கவனமாகக் கேட்டுக்கொண்டவள் மூத்த மகள் லோஜினிதான். கொழும்பில் கார்மென்ட்ஸில் இருந்தவள், தங்கச்சிக்காக லீவு போட்டுவிட்டு நோர்வூட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்திருந்தாள்.

நாளைக்கு மூன்று தடவை ஷாமிலாவைப் பாயில் நீட்டிப் படுக்கவைத்துக் குதிகாலில் துண்டைக் கோத்துக் கொடுப்பாள். ஷாமிலா துண்டை இழுத்து, குதிகாலைத் தன் பக்கம் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் மடங்கியதுமே அலறத் தொடங்கிவிடுவாள்.

"முடியலக்கா. செத்துருவேன்."

"சாகமாட்ட. இன்னும் ஒண்ணு இழு."

லயத்தின் பன்னிரண்டு வீடுகளுக்கும் அந்த அலறல் கேட்டது. பதினெட்டாம் நாள் நாகலெட்சுமி கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தபோது, பக்கத்து வீட்டுக் காளியாயி வாசலிலேயே மறித்தாள்.

"பெத்த வயிறா இது? ஆட்டக் கழுத்தறுக்கிற மாதிரி கத்துது அந்தப் புள்ள. நீ பாத்துக்கிட்டு இருக்கியே!"

உள்ளே ஷாமிலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் படிச்சு டீச்சராயிருவேன்னு அக்காவுக்குப் பொறாமைம்மா. அவள ஓ.எல். பரீட்சை எழுதவிடாம வேலைக்கு அனுப்புனீங்கல்ல? அதுக்குத்தான் என்னைய வதைக்குது."

பொய் என்று நாகலெட்சுமிக்குத் தெரியும். ஆனால் மூத்தவளின் படிப்பை நிறுத்தியது தான்தான் என்பது நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. குத்திய வலி கோபமாக லோஜினி மேலேயே திரும்பியது. துண்டை மடித்துக்கொண்டிருந்தவளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"கொலைகாரி! நீ பாத்தது போதும். கொழும்புக்கே போயிரு."

லோஜினி அழவில்லை. மறுநாள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "தலகாணி மட்டும் வச்சிராதீங்கம்மா" என்றாள். பஸ்ஸுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கே நாகலெட்சுமி துண்டை எடுத்து வைத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். கால் சற்று மடங்கினாற்போல் இருக்கையில் ஷாமிலாவுக்கு வலியில்லை. அதன் பிறகு வந்த மூன்று வாரமும் வீட்டில் சிரிப்புச் சத்தம்தான். நாகலெட்சுமி எண்ணெய் காய்ச்சித் தொடையில் தடவிவிட்டாள். காளியாயி ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். பெற்ற மகளுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று நாகலெட்சுமி நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆறாவது வாரம் கிளினிக்கில் மிஸ் முழங்காலில் அளவுகோலை வைத்தார். திரும்பவும் வைத்தார். முப்பது பாகைக்கு மேல் மடங்கவில்லை. முழுதாக நீளவுமில்லை.

"ஆர் பயிற்சியை நிப்பாட்டினது?"

ஷாமிலா கண்ணிமைக்காமல் கைநீட்டிக் காட்டினாள். "அம்மாதான் மிஸ். அக்காவ அடிச்சு வெரட்டிட்டாங்க."

மயக்க மருந்து கொடுத்து மடக்கினால் புது மூட்டு எலும்பிலிருந்து பெயர்ந்துவிடக்கூடும், இனி பயிற்சி செய்தாலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நாகலெட்சுமிக்கு டாக்டரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மகளின் விரல் இன்னும் தன்னை நோக்கி நீண்டிருப்பது போலவே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஷாமிலாவின் கால் இருக்கைகளுக்கு நடுவே வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. தடுக்கி விழப்போன ஒருவன் சிங்களத்தில் திட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் நாகலெட்சுமி லோஜினிக்குப் போன் போட்டாள்.

"ஒரு தடவ வந்து மடக்கிப் பாரு புள்ள. உனக்குத்தான் தெரியும்."

"இப்ப வந்தா மடங்கிருமா?"

நாகலெட்சுமி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"நீங்க என்னைய அறைஞ்ச அன்னைக்கு அறுபது பாகை வந்துச்சும்மா. அதச் சொல்லத்தான் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். வாயத் திறக்கவிட்டீங்களா?"

போன் நின்றுவிட்டது.

"அக்கா வருதா?" என்று உள்ளேயிருந்து ஷாமிலா கேட்டாள்.

"வரலயாம்."

"ஏன் வரணும்? நீங்கதானே எனக்கு வலிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. சாகுற வரைக்கும் நீங்களே சுமங்க."

மறுநாள் காலை நாகலெட்சுமி அவளை லயத்துக் கோடியிலிருந்த கக்கூஸுக்குத் தாங்கிக்கொண்டு போனாள். குந்த முடியாது. ஒரு காலால் தாழ்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள் ஷாமிலா. மடங்காத காலைத் தாய் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"என் மூஞ்சியப் பாக்காதீங்க," என்றாள் ஷாமிலா.

நாகலெட்சுமி தலையைத் திருப்பிக்கொண்டாள். காலை விடவில்லை.