ஜெப நேரத்தில் உருண்ட பொத்தான்

பொத்தான் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். பிறகு அது தரையில் உருண்டு வந்து பிரிட்ஜ் மெக்கானிக்கின் முழங்காலில் முட்டி நின்றது. மெக்கானிக் அப்போது உரத்த குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தார். நோயாளிகளை எல்லாம் ஆண்டவர் கையில் ஒப்படைத்துவிட்டு, பிரயாணம் செய்கிறவர்கள் பக்கம் வந்திருந்தார். முழங்காலில் என்னவோ பட்டதே என்று கண்ணைத் திறந்தார்.

திறந்திருக்கக் கூடாது. ஜெப நேரத்தில் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தைப் போட்டவரும் அவர்தான், பிள்ளைகள் சின்ன வயதில் கண் திறந்தபோதெல்லாம் காதைத் திருகியவரும் அவர்தான். "நீங்களும் மூடியிருந்தீங்கன்னா நான் திறந்தது எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று சின்னவன் ஒருமுறை கேட்டான். அதற்கும் காதைத் திருகினார்.

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி கண்கள் இரண்டையும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைச் சட்டைகளை வாங்கிவந்து பொத்தான் வைத்துக்கொடுப்பது அவள் பகல் வேலை. பகல் வேலை என்றுதான் அவர் நினைத்திருந்தார். மடியில் ஒரு சட்டை, பக்கத்தில் முடித்து மடித்த சட்டைகள் ஓர் அடுக்கு. விழுந்த பொத்தானைத் தேடக்கூட இல்லை. டப்பாவிலிருந்து இன்னொன்றை ஓசைப்படாமல் எடுத்துக் கோத்தாள். அந்த நிதானத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இது இன்றைக்குத் தொடங்கிய வேலை இல்லை. அவளுக்குப் பக்கத்தில் மகள், சுவரில் தலையைச் சாய்த்து, சுற்றுகிற மின்விசிறியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்காகவும் ரயிலில் போகிறவர்களுக்காகவும் அது பாட்டுக்கு வேண்டிக்கொண்டே போனது. அவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார், தப்பு செய்தது தான்தான் என்பது போல. முடிக்க வேண்டிய இடத்தில் முடித்தார். "ஆமென்" என்றாள் மனைவி, சரியான நேரத்தில், பக்தி ததும்ப. அவர் கண்ணைத் திறந்தபோது அவள் மடியில் சட்டையும் இல்லை, டப்பாவும் இல்லை. கைகளைக் கூப்பி உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

சின்னவன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அன்று மெக்கானிக் ஊரின் மறுகோடியில், யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில், பிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு வாயு கசிகிறதா என்று சோப்பு நுரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. கல்லூரிக்குப் போன பையனை லாரி இடித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கேயே முழங்காலில் விழுந்தார். நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஜெபித்தார். அப்போதுதான் அது கேட்டது. காதில் விழுந்ததா, மனசில் விழுந்ததா, தெரியாது. 'பிழைப்பான்' என்று அவ்வளவு தெளிவாக.

சட்டைகள் வாங்கத் தையல் கடைக்குப் போயிருந்த மனைவியை உடனே போனில் கூப்பிட்டார். "பயப்படாதே. ஆண்டவர் சொல்லிட்டார், பிழைச்சுப்பான். நீ வீட்டுக்குப் போய் அவனுக்கு மாத்துத் துணி, பிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கிட்டு நிதானமா போ. ரெண்டு மூணு நாள் தங்க வேண்டியிருக்கும்" என்றார். நெரிசலில் மாட்டி அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் அவசர சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் பையோடு வந்தாளா, வெறுங்கையோடு வந்தாளா என்றெல்லாம் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

அன்றோடு எல்லாம் அடைத்துப்போயிற்று. ஜெபித்தால் கூரையைத் தாண்டிப் போவதாகத் தெரியவில்லை. கேட்டதே, அந்தக் குரல், அது யாருடையது? ஆண்டவருடையது என்றால் அவர் பொய் சொல்லிவிட்டார். ஆண்டவருடையது இல்லை என்றால், பெற்ற தாயைத் துணி எடுக்க அனுப்பி, மகனுடைய கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் இல்லாமல் செய்தவன் இந்தப் படுபாவிதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

ஆனாலும் மாலை ஜெபத்தை அவர் விடவில்லை. மனைவிக்காக. அவள் நடமாடுவதே இந்த ஜெபத்தைப் பிடித்துக்கொண்டுதான், இதையும் எடுத்துவிட்டால் படுத்துவிடுவாள் என்று நம்பினார். நம்பிக்கை இல்லாத வாயால் தினமும் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். அதற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். அப்படியெல்லாம் அவர் கட்டிக் காத்தவளோ எதிரே உட்கார்ந்து பொத்தான் தைக்கிறாள்!

மறுநாள் வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒரு வீட்டில் பிரிட்ஜைச் சரிசெய்துவிட்டு மின்சார வயரைச் சொருகாமலே கிளம்பினார். "அண்ணே, இது ஜெபத்துலயா ஓடும்?" என்று அந்த வீட்டம்மா சிரித்தாள். வேறு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். மனைவி மேல் கோபம் கோபமாக வந்தது. ஏமாற்றுக்காரி! தானும் அதே வட்டத்தில் உட்கார்ந்து அதே ஏமாற்று வேலையைத்தான் செய்கிறோம் என்பது மனுஷனுக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மதியம் போதகர் போனில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை சின்னவனுடைய நினைவு ஆராதனை. "நீங்களும் அம்மாவும் முன்னால வந்து சாட்சி சொல்லணும். ஆண்டவர் உங்களை எப்படித் தேற்றினார்னு ரெண்டு வார்த்தை போதும், பிரதர்." மெக்கானிக் சரி என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் இரண்டு பேர் முன்னால் நடித்ததை, இனி முழு சபை முன்னாலும் நடிக்க வேண்டும்.

மாலையில் வழக்கம்போல் மூவரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கண்ணை மூடி "ஆண்டவரே" என்று தொடங்கினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணைத் திறந்தார்.

ஓடிக்கொண்டிருக்கிற பிரிட்ஜின் சத்தம் யாருக்கும் கேட்காது, நின்றால்தான் கேட்கும். அவர் குரல் நின்றதும் மனைவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். விரலிடுக்கில் ஊசி. இருவர் கண்களும் நேருக்கு நேர் மோதின.

"நீங்க எதுக்குக் கண்ணைத் திறந்தீங்க?" என்றாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் கேட்கிற கேள்வியா இது?

"நான் திறந்தது இருக்கட்டும். உன் கையில என்ன?"

"சட்டை."

"எனக்குக் கண்ணு தெரியும். ஜெப நேரத்துல எதுக்குன்னு கேக்கறேன். எவ்வளவு நாளா நடக்குது இது?"

"அவன் போனதுலேர்ந்து."

"அப்போ தினமும் ஆமென் சொன்னியே?"

"முடிக்கறதுக்கு முன்னால உங்க குரல் கொஞ்சம் இறங்கும். அதை வெச்சு சொல்லிடுவேன்."

மெக்கானிக் திரும்பி மகளைப் பார்த்தார். "என்னைப் பார்க்காதீங்கப்பா. நானும் மூடறதில்லை" என்றாள் அவள்.

"உனக்காகத்தானேம்மா நான் இதை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்!" என்று மனைவியிடம் கத்தினார். "எனக்குள்ள ஒண்ணுமே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கறேன், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி இருக்கு. நீ விழுந்துடக் கூடாதேன்னுதான்…"

"நீங்க விழுந்துடக் கூடாதேன்னுதான் நானும் உக்காந்தேன்" என்றாள் அவள்.

"நான் உங்க ரெண்டு பேருக்காக" என்றாள் மகள். ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

கொட்ட ஆரம்பித்தபிறகு மெக்கானிக்கால் நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு போன்ல நான் அப்படிச் சொல்லலேன்னா நீ நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பே. உயிரோட அவன் முகத்தை ஒரு தடவை பார்த்திருப்பே. ஆண்டவர் சொன்னார்னு சொல்லி உன்னைத் துணி எடுக்க அனுப்பினேனே…"

அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். "நான் வீட்டுக்குப் போகலை" என்றாள்.

"என்ன?"

"ஆட்டோவுல பாதி வழி போனேன். மனசு கேக்கலை. திருப்பச் சொல்லி நேரா அங்கதான் போனேன். அவன் முழிச்சுக்கிட்டுதான் இருந்தான்."

இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இப்போது அவர் தலையில் விழுந்தது. "பேசினானா?"

"பேசினான். 'அப்பா ஜெபம் பண்ணினாராம், நீ பிழைச்சுப்பேன்னு ஆண்டவரே சொல்லிட்டாராம்'னு அவன்கிட்ட சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். 'அப்பா பயத்துல சொல்றார்மா. அவரைத் திட்டாதீங்க'ன்னான்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, அப்பன் பயந்ததைக் கண்டுபிடித்து, அப்போதே மன்னித்தும் விட்டிருக்கிறான். இங்கே இந்த மனுஷன் ஒரு வருஷமாகத் தன்னையே தூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஜெபம் பண்ணுங்கம்மான்னான்" என்று அவள் தொடர்ந்தாள். "எனக்கு வாயே வரலைங்க. பெத்த புள்ளை கேக்கறான், ஒரு வார்த்தை வரலை. அவனே என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இயேசப்பா, அம்மா ரொம்ப பயப்படறாங்க, பார்த்துக்கங்க'ன்னான். அதுக்கப்புறம் பேசலை."

"அவனுக்குன்னு எதுவும் கேக்கலையா?"

"கேக்கலை."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நீங்க ஆண்டவர் சொன்னார்னு அன்னைக்கு அவ்வளவு நம்பிக்கையா பேசினீங்க. உங்க புள்ளையே அதை நம்பலைன்னு சொன்னா தாங்குவீங்களா? அதோட எனக்கு ஆண்டவர் மேல கோபம். பார்த்துக்கங்கன்னு அவன் கேட்டான் இல்ல? யாரு வந்து பார்த்தா? ஒருத்தரும் வரலை."

மகள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்லக் கேட்டாள். "அம்மா, அப்பா தினமும் யாருக்காக உக்காந்தார்?"

மனைவி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்த இடத்தில் இப்போது ஒரு திகைப்பு இருந்தது. தன் வீட்டுக்கே முதல் தடவை வந்தவள் போல இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மெக்கானிக் மகளின் கேள்வியை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். பையன் கேட்டது நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. நம்பிக்கை செத்துப்போன தன்னையே பிடித்து இழுத்துவந்து தினமும் இந்த இடத்தில் உட்கார வைத்தது யார்? கைவிட்டுவிட்டாயே என்று சிலுவையில் கேட்ட இயேசுவுக்கும் அன்று மேலிருந்து ஒரு குரலும் வரவில்லையே. குரல் வராததால் தகப்பன் இல்லை என்று ஆகிவிட்டதா? இத்தனை வருஷம் கோயிலுக்குப் போனவருக்கு இது இப்போதுதான் தைத்தது. இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மாதக்கணக்கில் இறுகிக்கிடந்த நெஞ்சுக்குள் மூச்சு முழுசாகப் போய்வந்தது.

"ஞாயித்துக்கிழமை என்னப்பா சொல்லப் போறீங்க?" என்றாள் மகள்.

"நடந்ததைத்தான்" என்றார்.

பிறகு கண்ணை மூடாமலே, சத்தம் போடாமல், பக்கத்து அறையில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி சொன்னார். "ஆண்டவரே, அன்னைக்கு நீங்க சொன்னீங்கன்னு சொன்னேன். நீங்க சொல்லலை. எம் புள்ளை போயிடுவானோங்கற பயத்துல எனக்கு அப்படிக் கேட்டுச்சு. உங்க பேருல சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

பதில் வரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த முறை அவர் தானாக எதையும் கேட்டுக்கொள்ளவில்லை, சும்மா காத்திருந்தார். அந்த அமைதி அவரைப் பயமுறுத்தவில்லை என்பதே அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

அப்போது மனைவியின் கை வந்து அவர் கையைப் பிடித்தது. ஒரு வருஷமாக ஜெபிக்காத வாய் திக்கித் திணறித் திறந்தது.

"இயேசப்பா," என்றாள், "இவர் பயத்துல சொல்லிட்டார். அவரைத் திட்டாதீங்க."

மெக்கானிக் ஆமென் சொல்லப் பார்த்தார், குரல் வரவில்லை. மகள் சொன்னாள்.